முனையில் முகம் தெரிய: தோல் ஷூவுக்குப் பாலிஷ் ஏற்றும் முறை

பட்டாளம், போலீஸ், தீயணைப்பு, சிறைக்காவல் என்று எந்தச் சீருடைப் பணிக்குப் போனாலும் சேர்ந்த சில நாளிலேயே ஒரு வேலை கைக்கு வந்துவிடும். ஒரு ஜோடி கறுப்பு ஷூ, ஒரு டப்பா பாலிஷ். மறுநாள் காலை அணிவகுப்பில் அதன் முனை மின்ன வேண்டும். மல்லாங்கிணற்றிலும் காரியாபட்டி, திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களிலும் விடிகாலை இருட்டில் சாலையோரம் ஓடிப் பழகுகிற பிள்ளைகளைப் பார்க்கலாம். ஓட்டத்துக்கும் கயிறு ஏறுவதற்கும் ஊரிலேயே தயாராகிவிடுகிறார்கள். ஷூ விஷயத்தில் மட்டும் ஒன்றும் தெரியாமல் போய் நின்று, முதல் மாதம் முழுக்கத் திட்டு வாங்குகிறார்கள்.

இந்த அத்தியாயம் அவர்களுக்காக. கல்லூரியில் என்.சி.சி.யில் இருப்பவர்களுக்கும், வேலைக்கான நேர்காணலுக்குப் போகிறவர்களுக்கும், வரவேற்புக்குக் கோட்டு மாட்டப்போகும் மாப்பிள்ளைக்கும் இதே முறைதான். ஆனால் ஒன்று. இணையத்தில் காணொளி போட்டுச் சொல்லித்தருகிறவர்கள் பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர்கள். அவர்கள் சொல்கிறபடி நம் வெக்கையில், நம் புழுதியில், நம் உப்புத் தண்ணீரில் செய்தால் பாதியில் கெட்டுப்போகும். அதற்கான மாற்றங்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

மின்னுவது எது?

தோலை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் சமமாக இருக்காது. மயிர்க்கால் இருந்த துளைகளும் அவற்றைச் சுற்றிச் சின்னச் சின்ன மேடுகளும் தெரியும். மேலே விழுகிற வெளிச்சம் அந்த மேடுபள்ளத்தில் பட்டு நாலாபுறமும் சிதறிவிடுகிறது. பள்ளங்களை மெழுகால் நிரப்பி ஒரே மட்டமாக்கிவிட்டால் வெளிச்சம் சிதறாமல் அப்படியே திரும்பும். அப்போது முகம் தெரியும். ஆக, மின்னுவது தோலுக்கு மேலே படிந்திருக்கும் மெழுகு. தோலை எவ்வளவு அழுத்தித் தேய்த்தாலும் அது முகம் காட்டாது. கைப்பலம் உள்ளவர்கள் இதில் தோற்றுப்போவதும், பொறுமையாக உட்காருகிறவர்கள் முதல் முயற்சியிலேயே பாதி ஜெயிப்பதும் இதனால்தான்.

பாலிஷ் டப்பாவுக்குள் இருப்பவை பல வகை மெழுகுகள், அவற்றை இளக்கி வைத்திருக்கும் டர்பன்டைன் அல்லது நாஃப்தா, அப்புறம் சாயம். தடவியதும் டர்பன்டைன் ஆவியாகிவிடும். மெழுகும் சாயமும் நிற்கும். மெழுகுகளில் தேன்மெழுகு 62 முதல் 65 டிகிரிக்குள் உருகிவிடக்கூடியது. கார்னாபா என்கிற மெழுகு 80 டிகிரியைத் தாண்டினால்தான் உருகும். நல்ல பாலிஷுக்குக் கடினத்தையும் மினுக்கத்தையும் தருவது இந்தக் கார்னாபா.

அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் கரிசல்காட்டுக்காரர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். பிரேசில் நாட்டின் வடகிழக்குப் பகுதி மழை பொய்க்கிற வறண்ட பூமி. அங்கே வளரும் ஒரு பனை இனம், அனலில் ஓலை வழியாகத் தண்ணீர் போய்விடாமல் இருக்கத் தன் ஓலைமேல் மெழுகைப் பூசிக்கொள்கிறது. ஓலையை வெட்டி, வெயிலில் உலர்த்தி, அடித்தால் மெழுகு பொடியாக உதிரும். உலகம் முழுக்க ஷூவும் காரும் பளபளப்பது அந்தப் பொடியால்தான். அதே வடகிழக்கில் பிறந்து, சிறுவயதில் பிழைப்புக்காக அடுத்தவர் ஷூவுக்குப் பாலிஷ் போட்ட லூலா, பிற்பாடு அந்த நாட்டுக்கே குடியரசுத் தலைவர் ஆனார்.

தகர டப்பாவில் வருகிற மெழுகு பாலிஷ் பரவியதற்குப் பட்டாளம்தான் பெரிய காரணம். 1906-இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் தொடங்கிய கிவி, முதல் உலகப்போரில் சிப்பாய்களின் மூட்டையோடு நாடு நாடாகப் போயிற்று. நம் ஊர்க் கடைகளில் கிவியும் செர்ரி பிளாசமும் கிடைக்கின்றன. எது வாங்கினாலும் சரி, டப்பாவில் கெட்டியாக இருக்கிற மெழுகாக வாங்குங்கள். பாட்டில் வாயில் பஞ்சு வைத்த திரவ பாலிஷ் ஐந்து நிமிஷத்தில் பளபளப்பு தரும். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை அனுப்ப அது போதும். ஆனால் அது தோல்மேல் பிளாஸ்டிக் படலம் மாதிரி உறைந்து, நாலு நாளில் மடிப்பில் வெடித்து உரியும். அதன்மேல் மெழுகு நிற்காது. ஏற்கெனவே திரவ பாலிஷ் போட்ட ஷூ என்றால் அந்தப் படலத்தை முழுக்க எடுத்த பிறகுதான் வேலையைத் தொடங்க வேண்டும்.

உங்கள் ஷூ தோல்தானா?

விலை மலிவாகக் கிடைக்கும் கறுப்பு ஷூக்களில் பல ரெக்சின் வகை. அதன்மேல் என்ன தடவினாலும் வழுக்கிக்கொண்டு போகும். நாக்குப் பகுதியின் வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். தோல் என்றால் நார் நாராக இருக்கும். ரெக்சின் என்றால் கீழே துணியும் மேலே பூச்சும் தனித்தனி அடுக்காகத் தெரியும். முனைக்குச் சற்றுப் பின்னால் விரலால் அமுக்கினால் தோலில் நுண்ணிய சுருக்கங்கள் விழுந்து மறையும். ரெக்சின் மொத்தமாகக் குழியும்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தொழிற்சாலைகள் வெளிநாட்டுக்கு அனுப்பும் ஷூக்களில் சில, உள்ளூர்க் கடைகளுக்கும் வருகின்றன. அவற்றில் ஐரோப்பிய முறைப்படி சின்னப் படக்குறி ஒட்டியிருக்கும். விரித்த மாட்டுத்தோலின் வடிவம் இருந்தால் தோல். அந்த வடிவத்துக்குள் ஒரு வைரக்கட்டம் இருந்தால் மேலே பூச்சுப் பூசிய தோல். வெறும் வைரக்கட்டம் மட்டும் என்றால் செயற்கைப் பொருள். மேல்பகுதி, உள்பகுதி, அடிப்பகுதி மூன்றுக்கும் தனித்தனிக் குறி போட்டிருப்பார்கள். நமக்கு வேண்டியது மேல்பகுதிக்கான குறி. பூச்சுத் தோலிலும் பளபளப்பு ஏறும், அடுக்கு கூடுதலாகப் போட வேண்டியிருக்கும். தொழிற்சாலையிலேயே கண்ணாடியாக மின்னும் பேட்டன்ட் தோலுக்கும், மெத்துமெத்தென்ற ஸ்வேடுக்கும் இந்த அத்தியாயத்தில் சொல்லும் எதுவும் பொருந்தாது.

தோல் பதனிடுவதில் நம் வறட்டுக்காட்டுக்கும் பங்கு உண்டு. ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்ட தோல், ஈஸ்ட் இந்தியா தோல் என்ற பெயரில் மதராஸிலிருந்து லண்டனுக்குக் கப்பல் ஏறியது. பின்னால் வாட்டில் பட்டை வந்து ஆவாரையின் இடத்தைப் பிடித்தது; இப்போது ஷூவின் மேல்பகுதிக்குப் பெரும்பாலும் குரோம் உப்பில் பதனிட்ட தோல்தான். 1948-இல் சென்னை அடையாற்றில் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இன்றும் இந்தத் துறைக்கு ஆள் தயாரிக்கிறது. நம் காட்டோரம் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் செடி ஒரு காலத்தில் வெள்ளைக்காரன் கால்வரை போயிருக்கிறது என்பது தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி.

சாமான்கள்

அதிகம் வேண்டாம். ஒரு டப்பா கறுப்பு மெழுகு பாலிஷ். குதிரைமுடி பிரஷ் இரண்டு, பாலிஷ் தடவச் சின்னது, மினுக்கப் பெரியது. நைலான் பிரஷ் வேண்டாம், கீறும். நல்ல பிரஷ் எங்கே கிடைக்கும் என்று அருப்புக்கோட்டை அல்லது விருதுநகர் பஸ் ஸ்டாண்டு அருகே செருப்புத் தைக்க உட்கார்ந்திருப்பவரிடம், “அண்ணே, நீங்க எங்க வாங்குறீங்க?” என்று கேளுங்கள். அவருக்குத் தெரிந்தது கடைக்காரருக்குத் தெரியாது. அவர் கை போகிற விதத்தையும் ஐந்து நிமிஷம் நின்று பாருங்கள்.

துணிதான் முக்கியம். கடையில் விற்கும் மஞ்சள் துணியை விட, பலமுறை துவைத்து நைந்த பருத்தி வேட்டி நூறு மடங்கு மேல். பாலியஸ்டர் கலந்தது ஆகாது. மெழுகையும் தண்ணீரையும் ஏந்திக்கொள்ளாது. பருத்தியும் நெசவும் பிழைப்பாக இருந்த ஊர்ப் பக்கம் இது. வீட்டில் ஒரு பழைய வேட்டி கிடைக்காமல் போகாது. தையல் ஓரம் இல்லாமல் முழம் நீளத்துக்குக் கிழித்து வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லையென்றால் மருந்துக்கடைப் பஞ்சும் உதவும். ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டியில் நெய்கிற காயக்கட்டுத் துணி சல்லடைபோல் இடைவெளி விட்டது. அது தூசி தட்டத்தான் ஆகும், பளபளப்பு ஏற்ற ஆகாது.

கடைசியாகத் தண்ணீர். இங்கேதான் நம் பக்கத்தில் பலரும் தடுக்கி விழுகிறார்கள். போர்த் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் கலந்திருக்கும். அதைத் தொட்டுத் தேய்த்தால், காய்ந்த பிறகு வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழும். எத்தனை அடுக்கு ஏற்றினாலும் அந்தத் திட்டு மேலே வரும். குடிக்க வாங்கும் கேன் தண்ணீர் அல்லது பிடித்து வைத்த மழைத் தண்ணீர் ஒரு சின்னக் கிண்ணம் போதும். அதை மண்பானையில் இரவு ஊற்றி வைத்திருந்தால் இன்னும் நல்லது. நம் ஊர்க் காற்றில் ஈரம் குறைவு என்பதால் பானைத் தண்ணீர் சீக்கிரம் குளிர்ந்துவிடும். குளிர்ந்த தண்ணீர் பட்டால் மெழுகு இறுகும்.

தேங்காய் எண்ணெய் வேண்டாம். அவசரத்துக்கு இரண்டு சொட்டு விட்டுத் துடைத்தால் மின்னத்தான் செய்யும், பஸ் ஏறுவதற்குள் தெருப்புழுதி முழுக்க அதன்மேல் ஒட்டியிருக்கும். எண்ணெய் உள்ளே இறங்கிய தோலில் அப்புறம் மெழுகும் பிடிக்காது. கமலை இறைத்த காலத்தில் தோல் வாலுக்கு எண்ணெய் போட்டார்கள் என்றால், அது தண்ணீரிலும் வெயிலிலும் மாறி மாறிக் கிடந்து வெடிக்காமல் இருக்க. பளபளப்புக்கு அல்ல. வாழைப்பழத் தோலை வைத்துத் தேய்ப்பதும் தேங்காய் எண்ணெய் போலத்தான், வேண்டாம்.

அழுக்கு எடுத்தல்

முதலில் லேஸை உருவிவிடுங்கள். லேஸோடு பாலிஷ் போடுவது சோம்பேறித்தனம். நாக்கின் ஓரத்தில் அழுக்கு அப்படியே நிற்கும், பரிசோதிக்கிற அதிகாரி முதலில் பார்ப்பதும் அங்கேதான். உள்ளே பழைய பேப்பரைக் கசக்கி இறுக்கமாகத் திணியுங்கள். மடிப்பு விரிந்து தோல் விறைப்பாக நின்றால்தான் வேலை ஒழுங்காக நடக்கும்.

கரிசல் மண் பட்ட ஷூவைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஈரத்தில் இந்த மண் பசைபோல் பிடித்துக்கொள்ளும். உடனே துணியால் துடைத்தால் தையலுக்குள் போய் அடைந்துகொள்ளும். கட்டி மண்ணை மட்டும் மழுங்கிய குச்சியால் தள்ளிவிட்டு, நிழலில் காயவிடுங்கள். காய்ந்தால் கரிசல் சுருங்கி வெடித்துப் பொருக்காகக் கழன்று வரும். மிச்சத்தைப் பிரஷ்ஷால் தட்டலாம். மேல்தோலும் அடித்தோலும் சேரும் தையல் பள்ளத்தில் ஒளிந்திருப்பதை ஒரு ஈர்க்குச்சியால் கிளறி எடுங்கள். அங்கே ஒரு மணல் துகள் இருந்தாலும் பிற்பாடு துணியில் சிக்கி, பளபளக்கும் முனையில் கோடு இழுத்துவிடும். எத்தனை நனைந்திருந்தாலும் வெயிலிலோ அடுப்படியிலோ காயவைக்காதீர்கள். தோல் வறண்டு வெடிக்கும். அதைச் சரிசெய்ய வழியே இல்லை.

பழைய பாலிஷ் கட்டிதட்டி இருந்தால், துணியில் துளி டர்பன்டைன் தொட்டு மெல்லத் துடைத்தால் வந்துவிடும். பெட்ரோல், தின்னர், கைகழுவும் சானிடைசர் எதுவும் வேண்டாம். அவை தோலின் சாயத்தையும் சேர்த்து எடுத்துவிடும். துடைத்த பிறகு தோல் வெளிறித் தாகத்தோடு நிற்கும். க்ரீம் பாலிஷ் இருந்தால் மெல்லிசாகத் தடவி ஓர் இரவு அப்படியே விடுங்கள். அது தோலுக்குச் சாப்பாடு. மெழுகு வெறும் சட்டை.

அடித்தளம்

சின்னப் பிரஷ்ஷால் ஷூ முழுக்க, முனையிலிருந்து குதிகால் வரை, மெழுகைத் தேய்த்துப் பரப்புங்கள். எடுக்கும் மெழுகு சோற்றுக்கு ஊறுகாய் தொடுகிற அளவுதான் இருக்க வேண்டும். பத்துப் பதினைந்து நிமிஷம் காயவிட்டு, பெரிய பிரஷ்ஷால் நீளவாக்கில் வேகமாக இழுங்கள். இங்கே மட்டும் வேகம் வேண்டும்; பிரஷ் உரசுகிற சூட்டில் மெழுகு இளகிச் சமமாகும். இதே மாதிரி இன்னும் இரண்டு முறை. இப்போது ஷூ முழுக்கக் கண்ணியமான ஒரு மினுக்கம் வந்திருக்கும். அலுவலகத்துக்குப் போகிறவர் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். நேர்காணலுக்குப் போகிறவருக்கும் இது தாராளம். அதற்கு மேல் மின்னினால் எதிரே உட்கார்ந்திருப்பவர் உங்கள் பதிலை விட்டுவிட்டு ஷூவையே பார்ப்பார்.

கண்ணாடிப் பளபளப்பு

அணிவகுப்புக்குப் போகிறவர்கள் மேலே படியுங்கள். இடமும் நேரமும் முதலில். ஷூ முழுக்கக் கண்ணாடியாக்கக் கூடாது. விரல் மடியும் இடத்தில் மெழுகு கெட்டியாகப் படிந்தால் நடந்த பத்தாவது எட்டில் வெடித்துப் பொடியாக உதிரும். உள்ளே கடினமான அட்டை வைத்துத் தைத்த இரண்டு இடங்கள் உண்டு, முனையும் குதிகாலைச் சுற்றிய பின்பகுதியும். அவை மடியாது. கண்ணாடி அங்கே மட்டும்தான். குதிகாலைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அணியில் நிற்கும்போது அடுத்த வரிசைக்காரர் பார்ப்பதும், பின்னால் நடந்துவரும் அதிகாரி பார்ப்பதும் அதைத்தான்.

நேரம் என்றால், சித்திரை வைகாசியில் பகல் பதினொரு மணிக்கு மேல் இந்த வேலையை எடுக்கவே எடுக்காதீர்கள். 40 டிகிரி வெக்கையில், அதுவும் தகரக் கூரைக்குக் கீழே, மெழுகு இறுகாது. தடவத் தடவ முந்தைய அடுக்கும் சேர்ந்து இழுத்துக்கொண்டு வரும். விடிகாலையில் செய்யுங்கள், இல்லாவிட்டால் இரவு காற்று குளிர்ந்த பிறகு. ஃபேனை நேராக ஷூமேல் திருப்பாதீர்கள். தூசி வந்து படியும். மேல்காற்று அடிக்கிற மாதங்களில் கதவை அடைத்துவிட்டு உட்காருவதுதான் புத்திசாலித்தனம்.

வெக்கையால் ஒரு லாபமும் உண்டு. கண்ணாடி வேலைக்கு டர்பன்டைன் குறைந்த, கொஞ்சம் கெட்டிப்பட்ட மெழுகுதான் தோது. குளிர்நாட்டில் இதற்காக டப்பாவை நாள்கணக்கில் திறந்து வைப்பார்கள். நமக்கு ஒரே பகல் போதும். டப்பாவில் மெழுகு வெடித்துப் பாளம் பாளமாகிவிட்டது என்று தூக்கி எறிகிறவர்கள் நல்ல சாமானைத்தான் எறிகிறார்கள். சிலர் பாலிஷைத் தீப்பெட்டி கொளுத்தி இளக்குவார்கள். டப்பாவுக்குள் இருப்பது எளிதில் பற்றிக்கொள்ளும் எண்ணெய். வேண்டவே வேண்டாம். இளக வேண்டுமென்றால் காலை வெயிலில் சற்று நேரம் வைத்தாலே இளகிவிடும்.

இப்போது துணியை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் மேல் ஒரே சுற்றாகப் போர்த்தி, மிச்சத்தைக் கைக்குப் பின்னால் முறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். விரல் நுனியில் துணி சுருக்கமில்லாமல் விறைப்பாக இருக்க வேண்டும். ஒரு சுருக்கம் இருந்தாலும் அதன் தடம் மெழுகில் விழும். மெழுகைத் தொட்டு, முனையில் ஐந்து ரூபாய் நாணயம் அளவு வட்டங்களாகத் தடவுங்கள். மூன்று நான்கு அடுக்குவரை தண்ணீர் வேண்டாம். அழுத்தமும் வேண்டாம், விரலின் கனமே போதும். ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவே நாலைந்து நிமிஷம் ஷூவை ஒதுக்கி வையுங்கள். ஒன்று காயும்போது மற்றதை எடுத்துக்கொள்ளலாம்.

பிறகு தண்ணீர். கிண்ணத்தில் விரலை நனைத்து, முனையில் ஒரே ஒரு சொட்டு விடுங்கள். துணியிலும் லேசாக ஈரம் இருக்கட்டும். மெழுகைத் துளி தொட்டு மறுபடி அதே வட்டங்கள். தண்ணீர் செய்கிற காரியம் இரண்டு. மேல்மெழுகைக் குளிரவைத்து இறுக்குகிறது. துணி மெழுகைப் பிடித்து இழுக்காமல் வழுக்கிப்போக விடுகிறது. பட்டாளத்தில் இதற்கு எச்சில் தொட்டார்கள். ஸ்பிட் பாலிஷ் என்ற பெயர் அதிலிருந்து வந்ததுதான். எச்சிலில் விசேஷம் ஒன்றும் இல்லை. சுத்தமான தண்ணீர் அதே வேலையைச் செய்யும்.

முதலில் மங்கலாகும், அதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். நாலைந்து அடுக்குவரை, தொடங்கும்போது இருந்த மினுக்கம்கூடப் போய்விட்டதே என்று தோன்றும். ஆள் கைவிடுவது இந்தக் கட்டத்தில்தான். பள்ளங்கள் இன்னும் பாதி நிரம்பாமல் இருக்கின்றன, அவ்வளவுதான். தொடர்ந்து போங்கள். ஒரு சமயத்தில் மங்கலுக்கு நடுவே ஒரு சின்னப் புள்ளி திடீரென்று தெளியும். ஜன்னல் கம்பியோ ட்யூப் லைட்டோ அதில் கோடாகத் தெரியும். அந்தப் புள்ளியிலிருந்து வெளியே விரித்துக்கொண்டு வாருங்கள். இங்கிருந்து மெழுகின் அளவைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். வட்டமும் சிறுத்துக்கொண்டே வர வேண்டும். கடைசி இரண்டு மூன்று சுற்றுக்கு மெழுகே வேண்டாம், ஈரத்துணி மட்டும். முதல்தடவை ஒரு ஜோடிக்கு ஒன்றரை மணி நேரம் ஆனாலும் ஆகும். கை பழகிவிட்டால் பாதி நேரம்.

எங்கே தப்பு என்று ஷூவே சொல்லும். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு நிற்கிறதென்றால் தண்ணீர் கூடிவிட்டது. துடைத்துவிட்டு மெழுகு தொடுங்கள். புகை படிந்ததுபோல் மங்கல் விலகவே இல்லையென்றால் மெழுகு கூடிவிட்டது; மெழுகில்லாமல் ஈரத்துணியால் பொறுமையாக ஓட்டுங்கள். துணி கரகரவென்று பிடித்தால் அது காய்ந்திருக்கிறது. மெல்லிய கோடுகள் விழுந்தால் தூசி புகுந்திருக்கிறது, துணியின் வேறு பக்கத்துக்கு மாறுங்கள். மெழுகு பிசுபிசுத்து நகர்ந்தால் வேலையை அத்துடன் நிறுத்திவிட்டு, ஷூவைக் குளுமையான இடத்தில் வைத்து, இரவு பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் பிடிவாதம் பிடித்தால் ஏற்றியதெல்லாம் இறங்கிவிடும்.

கடைசியாக ஓரங்கள். அடித்தோலின் விளிம்பிலும் ஹீல் கட்டையின் பக்கவாட்டிலும் பழைய பல் பிரஷ்ஷால் கறுப்பு மெழுகு தடவி மினுக்குங்கள். முனை கண்ணாடியாக இருந்து விளிம்பு சாம்பல் பூத்திருந்தால் முழு வேலையும் அரைகுறையாகத்தான் தெரியும். லேஸைத் துவைத்து, முறுக்கு விழாமல் தட்டையாகக் கோர்த்துக்கொள்ளுங்கள்.

யார் வேலை இது?

இதைச் சொல்லாமல் விட்டால் இந்த அத்தியாயம் நேர்மையாக இருக்காது. நம் பக்கத்து வீடுகளில் பையன் ஷூவை மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தால், “ஏப்பா, இந்த வேலையெல்லாம் நீயா பாக்குற?” என்று கேட்கும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் கேள்விக்குள் இருப்பது சாதி. தோல் வேலையை அருந்ததியர் தலையில் சுமத்திவிட்டு, அந்த வேலையையே இழிவாகப் பேசிய ஊர்கள் இவை. ஒரு பகுதி மக்கள் காலில் செருப்போடு ஊர்த்தெருவில் நடக்கவே விடாத கிராமங்கள் தென் மாவட்டங்களில் இருந்தன. சீருடைப் பணியில் சேர்ந்த முதல் நாளே அந்த எண்ணத்தைக் கழற்றி வைத்தாக வேண்டும். வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையமானாலும் சரி, ராஜபாளையம், மணிமுத்தாறு சிறப்புக் காவல் படை அணிகளானாலும் சரி, பயிற்சியில் இருப்பவர் தன் ஷூவுக்குத் தானேதான் பாலிஷ் போட வேண்டும். பக்கத்துக் கட்டில்காரர் எந்த ஊர், எந்தத் தெரு என்று பார்க்காமல் அவரிடம் துணி பிடிக்கக் கற்றுக்கொள்வதும் பயிற்சிதான். பஸ் ஸ்டாண்டு அண்ணனிடம் கேட்டுக் கற்றுக்கொண்டால், அவருக்கு நன்றியும் கூலியும் சேர்த்துக் கொடுங்கள்.

ஏற்றியதைக் காப்பாற்றுதல்

மல்லாங்கிணற்றில் டவுன்பஸ் ஏறி விருதுநகர் போய் இறங்குவதற்குள் யாராவது மிதித்துவிடுவார்கள். அவர்களைக் குறைசொல்ல முடியாது, நிற்கவே இடம் இருக்காது. ஆகவே செருப்புப் போட்டுக்கொண்டு போங்கள். ஷூவை ஒன்றோடொன்று உரசாதபடி தனித்தனியாகப் பருத்தித் துணியில் சுற்றி, பைக்குள் மேலாக வைத்து, மைதான வாசலில் போட்டுக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் கவரில் கட்டினால் வியர்த்து மங்கும். ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் இருக்கும் பெட்டியில் வைப்பது அதைவிட மோசம். வெயிலில் நின்ற வண்டியில் மெழுகு முழுக்க இளகிவிடும். போட்டுக்கொண்டதும் முனையில் வாயால் ஆவி ஊதி, நைந்த வேட்டித் துணியால் இரண்டு வட்டம் போட்டால் பயணத் தூசி போய்விடும்.

ஏறிய கண்ணாடியைத் தினமும் புதிதாக ஏற்ற வேண்டியதில்லை. தூசி தட்டி, தேவைப்பட்ட இடத்தில் ஓர் அடுக்கு, ஒரு சொட்டுத் தண்ணீர், அவ்வளவுதான். சில மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் டர்பன்டைனால் எடுத்துவிட்டு, க்ரீம் போட்டு, முதலிலிருந்து தொடங்குங்கள். அடுக்கு ஏறிக்கொண்டே போனால் ஒருநாள் பாளமாகப் பெயர்ந்து வரும். ஐப்பசி கார்த்திகை மழையில் பூட்டிய பெட்டிக்குள் வைத்த ஷூவில் பூஞ்சை பிடிக்கும். காற்றோட்டமான அலமாரியில் வையுங்கள், உள்ளே பேப்பரை அவ்வப்போது மாற்றுங்கள்.

பயிற்சிக்குச் சேரும் உத்தரவு வந்த பிறகு புது ஷூவில் இதைப் பழக உட்காராதீர்கள். வீட்டில் அண்ணனோ மாமாவோ கழற்றிப் போட்ட பழைய தோல் ஷூ ஒன்று பரண்மேல் கிடக்கும். அதை இறக்கி, மண் தட்டி, வலது கால் முனையில் மட்டும் இன்றைக்கு ராத்திரியே தொடங்குங்கள்.